தரையிலிருந்து எழுவது

இஸ்க்ராவின் இடுப்பு எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டில் யாருக்கும் சந்தோஷம் வரவில்லை. கின்கா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். தொடையும் இடுப்பும் சேருமிடத்தில் வெள்ளையாக ஒரு கம்பி தெரிந்தது.

"கூடிடுச்சுன்னா அப்புறம் ஏன்க்கா இன்னும் என் தோளைப் பிடிச்சுக்கிட்டே நடக்கறே?" என்று கேட்டாள்.

இஸ்க்ரா சோபாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். தங்கை கேட்டது நியாயமான கேள்விதான்.

ஓய்வு பெறும்வரை ரூசே நகரத்தில் டிராலி பஸ் ஓட்டியவள் இஸ்க்ரா. டான்யூப் ஆற்றிலிருந்து எழும் மூடுபனியில் எதிரே ஒன்றும் தெரியாத காலைகளில் ஓட்டியிருக்கிறாள். பஸ்ஸுக்கு மின்சாரம் எடுக்கும் கொம்பு மேலே மின்கம்பியிலிருந்து நழுவிவிட்டால், பனியில் இறங்கிப் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்துத் தானே மாட்டிவிட்டு வந்து உட்காருவாள். குடித்துவிட்டு ஏறி வம்பு பண்ணுகிறவர்களை அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கிவிட்டுவிடுவாள். அப்படிப்பட்டவள் ஜனவரி மாதத்தில் ஒரு காலை தயிர் வாங்கப் போய், ரொட்டிக் கடைக்குப் பின்பக்கத்துத் திருப்பத்தில் உறைபனியில் வழுக்கி விழுந்தாள். அதற்குப் பிறகு அவள் வேறு ஆளாகிவிட்டாள்.

கின்கா ஒரு மாதத்துக்கென்று ஒற்றைப் பெட்டியோடு வந்தவள். புருஷன் இறந்துபோனபின் பக்கத்து நகரமான ராஸ்கிராதில் தனியாக இருந்தாள். பனி போய், கஷ்கொட்டை மரங்கள் பூத்து, கோடையும் முடிந்துவிட்டது. பெட்டி இன்னும் அலமாரிக்கு மேலேயே இருந்தது. அவளுடைய மகள் ரலிட்சா ஸ்பெயினில், வலென்சியாவில் இருந்தாள். வருகிற குளிர்காலத்தில் முதல் பிரசவம். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் ஒரே கேள்வி: "எப்பம்மா வர்றே?" கின்கா ஒவ்வொரு முறையும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பதில் சொல்வாள். அந்தக் கதவு மெல்லிய அட்டைக் கதவு. இஸ்க்ராவுக்கு எல்லாம் கேட்கும்.

செப்டம்பரில் ஒரு நாள் கின்கா கடையிலிருந்து வந்து பையை மேஜைமேல் வைத்தாள். கோட்டைக் கழற்றாமலே சொன்னாள்: "உன் பேரைக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

"எதுக்கு?"

"வாசகசாலையில உடற்பயிற்சி வகுப்பு ஆரம்பிக்கறாங்க. புதுசா சேர்றவங்களுக்குன்னே. செவ்வாயும் வெள்ளியும்."

"உனக்கென்ன பைத்தியமா? இந்தத் தொடையை வச்சுக்கிட்டு நான் போய்க் குதிக்கணுமா?"

"யாரும் குதிக்க வேணாம். நாற்காலியில உக்காந்துதான் செய்யறதாம். உக்கார்றதுல உன்னை மிஞ்ச இந்த ஊர்ல ஆள் இல்ல."

இஸ்க்ராவுக்குக் கோபம் வந்தது. ஆனால் சண்டை போடவும் தெம்பு வேண்டும். செவ்வாய்க்கிழமை தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த வாசகசாலைக்குப் போனாள்.

மேல்தளத்தில் நூலகம், கீழே நாட்டிய மண்டபம். சுவரோரமாகக் கிராமிய நடனக் குழுவின் தோல் செருப்புகள் குவிந்து கிடந்தன. வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் சில பெண்கள், ஒரே ஒரு ஆண். பயிற்சி கொடுப்பவள் தெயானா என்ற முப்பது சொச்சம் வயதுக்காரி. சூப்பர்மார்க்கெட்டில் பில் போடும் வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். அங்கே போடும் சிவப்புச் சட்டை இன்னும் உடம்பில் இருந்தது. வகுப்பை ஆரம்பிக்கும் முன் வாயைப் பொத்தி ஒரு கொட்டாவி விட்டாள்.

"மன்னிச்சுக்கோங்க. விடியறதுக்கு முன்னாடியிலேர்ந்து நின்னுக்கிட்டிருக்கேன். உங்களுக்கும் அலுப்பாத்தான் இருக்கும். அதனால இன்னிக்கு ஒண்ணும் பெருசா இல்ல. நாற்காலியிலேர்ந்து எழுந்து நிக்கறோம், மறுபடி உக்கார்றோம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றாள். ஆனால் கையை ஊன்றாமல் எழுந்து நில் என்றதும் இஸ்க்ராவின் உடம்பு எழ மறுத்துவிட்டது. கால்களில் வலி ஒன்றுமில்லை. முன்னால் சாய்கிற அந்த ஒரு கணத்தில் தரை தன்னை நோக்கி வருவதுபோல் இருந்தது. அவள் இருக்கையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஆண், பெரிய தொப்பையும் நரைத்த மீசையுமாக, ஒரு தடவை எழுந்து உட்கார்ந்ததற்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பெயர் மெத்தோதி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.

"எனக்கு நெஞ்சைப் பிளந்து தைச்சிருக்காங்க. உங்களுக்கு எங்கே ரிப்பேர்?"

"இடுப்பு."

"நல்லதாப் போச்சு. உங்க நெஞ்சு, என் இடுப்பு. கழட்டிச் சேர்த்தா ஒரு உருப்படியான ஆள் தேறும்."

இஸ்க்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவளிடம் பாவம் என்ற குரல் இல்லாமல் யாராவது பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. அது மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிப்போனாள். எழுந்தபோது கால்மேல் போர்வை கிடந்தது.

"என்ன, மலையேறிட்டா வந்தே?" என்றாள் கின்கா.

"எழுந்து நின்னேன், உக்காந்தேன்."

"இதுக்கா இந்தத் தூக்கம்?"

வகுப்பு அப்படியே போயிற்று. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கினார்கள். ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டினார்கள். இஸ்க்ரா ஒரு கையை விட்டாள், பிறகு இரண்டு கையையும் விட்டாள். விட்டது சிறிது நேரந்தான். வியர்த்துக் கொட்டியது. பழைய தெம்பு வருகிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை. புதுவிதமாகக் களைப்பு வருகிறது என்றுதான் தோன்றியது. ஆனாலும் வாசகசாலைக்குத் தனியாகப் போக ஆரம்பித்தாள். கின்கா பால்கனியிலிருந்து அவள் தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மண்டபத்தில் நீலப் பாய்கள் விரித்திருந்தன.

"இன்னிக்குத் தரைக்குப் போறோம்" என்றாள் தெயானா. "வயசானா யாரும் விழலாம். விழாம இருக்கறதைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. விழுந்தப்புறம் எப்படி எழுந்திருக்கறதுன்னு யாரும் சொல்லிக்குடுக்க மாட்டாங்க. அதைத்தான் இன்னிக்குப் பழகப் போறோம்."

இஸ்க்ரா பாயைப் பார்த்தாள். விழுந்த அன்று கன்னத்தில் ஒட்டிய பனியின் குளிர் மறுபடி தெரிந்தது. சட்டென்று எழுந்து கோட்டை எடுத்தாள்.

"எனக்கு டாக்டர்கிட்ட நேரம் குடுத்திருக்காங்க. மறந்தே போயிட்டேன்."

"இந்த நேரத்துலயா?" என்றார் மெத்தோதி.

அவள் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டாள்.

அடுத்த செவ்வாய் வழக்கமான நேரத்துக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினாள். தெரு முனை திரும்பியதும் வாசகசாலைப் பக்கம் போகாமல் நிறுத்தத்துக்குப் போய் டிராலி பஸ்ஸில் ஏறினாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். காலடியில் சூடு வந்தது. பஸ் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பியது. அவளும் அதோடு போய்த் திரும்பினாள். யாரும் அவளை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியே அருவருப்பாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமையும் அதேதான். அதற்கடுத்த வாரமும். வீட்டுக்கு வந்ததும் கின்கா கேட்பாள், "இன்னிக்கு என்ன செஞ்சீங்க?"

"கையைத் தூக்கினோம்."

"அவ்வளவுதானா?"

"கழுத்தையும் திருப்பினோம்."

கின்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது சமையலறைக் கதவை அவள் சாத்தவில்லை. "பெரியம்மா தேறிட்டாடி. தனியாவே போறா, வர்றா. நவம்பர்ல வந்துடுவேன்" என்று மகளிடம் சொன்னாள். விமானம் என்றால் அவளுக்குப் பயம். ஐரோப்பாவைக் குறுக்கே கடந்து போகும் நெடுந்தூர பஸ்ஸில் இடம் பதிவு செய்தாள். அலமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். இஸ்க்ரா சோபாவில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை பகலில் கின்கா பால்கனியில் சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பருவத்தில் அந்த ஊரில் எல்லாப் பால்கனியிலும் அதே புகைதான். அழைப்பு மணி அடித்தது. இஸ்க்ரா சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். வெளியே மெத்தோதி, முகமெல்லாம் சாம்பல் நிறமாக, படிக்கட்டுக் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றார். அது ஐந்தாவது மாடி. லிஃப்ட் அந்த வாரம் ஓடவில்லை.

"ஒரு நிமிஷம்" என்றார். "பேச்சு வரல."

அவரை உள்ளே அழைத்துச் செருப்பு மாட்டும் பெஞ்சில் உட்கார வைத்தாள். கின்கா கையில் கரியோடு வந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வகுப்புல நெஞ்சைத் தைச்ச ஒருத்தர் இருக்கார்னு அக்கா சொன்னாளே, நீங்கதானா? என்னங்க, இந்த இதயத்தை வச்சுக்கிட்டா இத்தனை மாடி ஏறினீங்க?"

"இந்தம்மா உயிரோட இருக்காங்களான்னு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். உங்க விலாசத்தை வாசகசாலையில கேட்டு வாங்கினேன்."

"ஏன், நேத்துகூடப் பார்த்திருப்பீங்களே?"

மெத்தோதி இஸ்க்ராவைப் பார்த்தார். இஸ்க்ரா சுவரைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. கின்காவுக்கும் புரிந்துவிட்டது. பால்கனியில் மிளகாய் கருகும் வாசனை வந்தது. யாரும் அசையவில்லை.

"நான் வந்திருக்கக் கூடாது" என்று அவர் எழப் பார்த்தார்.

"உக்காருங்க" என்றாள் கின்கா. "மூச்சு சீராகட்டும். நீங்க படியில விழுந்து வச்சா அதுக்கும் நான்தான் ஓடணும்."

ரொட்டியும், தோலுரித்த மிளகாயும், பாலாடைக்கட்டியும் வைத்துக் கொடுத்தாள். அவர் தலை நிமிராமல் தின்றார். போகும்போது வாசலில் நின்று இஸ்க்ராவிடம் சொன்னார்: "அன்னிக்குத் தரையிலேர்ந்து எழுந்திருக்க என்னாலயும் முடியல. தெயானாவும் இன்னும் மூணு பொம்பளைங்களும் சேர்ந்து தூக்கினாங்க. கிரேன் இருந்தா நல்லா இருந்திருக்கும்னு சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கல."

அவருடைய காலடிச் சத்தம் கீழே இறங்கி மறையும்வரை கின்கா காத்திருந்தாள்.

"எங்கே போயிட்டு வந்தே, இத்தனை நாளா?"

"பஸ்ல."

"எந்த பஸ்ல?"

"சும்மா. போயிட்டுத் திரும்பி வருவேன்."

"நான் டிக்கெட் எடுக்கறதை உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தியேக்கா! ஒரு வார்த்தை சொல்லலியே! நான் போறதுல உனக்கு இஷ்டம் இல்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லேன்."

"நீ போ. நான் உன்னைப் பிடிச்சா வச்சிருக்கேன்?"

"பிடிச்சுத்தான் வச்சிருக்கே! தோளைப் பிடிச்சிருக்கே, கையைப் பிடிச்சிருக்கே!" கின்காவின் குரல் உடைந்தது. "நீ குளிக்கப் போனா நான் கதவுக்கு வெளியிலயே நிக்கறேன், தெரியுமா உனக்கு? தண்ணிச் சத்தம் நின்னா எனக்கு உசிரு போயிடும். திரும்பத் தண்ணி விழுந்தாத்தான் மூச்சே வரும். தினமும் இதேதான். எனக்கும் வயசாகலையா? எனக்கும் அலுக்காதா?"

இஸ்க்ராவுக்கு அது தெரியாது. அவள் மெல்ல வந்து சோபாவில் உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள்.

"விழுந்த உடனே யாரோ தூக்கிட்டாங்கன்னு உன்கிட்ட சொன்னேன்ல. பொய். ரொம்ப நேரம் கிடந்தேன். தயிர்ப் பாட்டில் உடைஞ்சு கோட்டெல்லாம் வழிஞ்சிருச்சு. போறவன் வர்றவன் எல்லாம் பார்த்தான். ஒருத்தன் சொன்னான், காலையிலேயே ஏத்திக்கிட்டா பாருன்னு. நான் எத்தனை குடிகாரனை பஸ்ஸிலேர்ந்து இறக்கி விட்டிருக்கேன். நாய் கூட்டிக்கிட்டு வந்த ஒரு பொம்பளை என்னைப் பார்த்துட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டா. கூப்பிட்டிருக்கலாம். வாய் வரலடி. வெக்கமா இருந்துச்சு. அப்புறம் ரொட்டி இறக்க வந்த ஆள்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான்."

கின்கா பால்கனிக்குப் போய்க் கருகிய மிளகாய்களைக் குப்பையில் போட்டாள். திரும்பி வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சமாதானம் ஆனார்கள் என்று சொல்ல முடியாது. அதற்குமேல் பேச அவர்களிடம் சக்தி இல்லை.

செவ்வாய்க்கிழமை இஸ்க்ரா வகுப்புக்குப் போனாள். இத்தனை நாள் எங்கே என்று தெயானா கேட்கவில்லை. வகுப்பு முடியும் தறுவாயில் ஒரு பாயை விரித்து, அதன் தலைமாட்டில் ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள்.

"நான் தூக்கிவிட மாட்டேன். ஆனா இங்கேயே இருப்பேன். வேணாம்னா இன்னிக்கு வேணாம்."

"இன்னிக்கு விட்டா நான் வர மாட்டேன்" என்றாள் இஸ்க்ரா.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நல்ல காலின் முழங்காலை முதலில் இறக்கினாள். பிறகு மற்றது. கைகளை ஊன்றினாள். பக்கவாட்டில் சாய்ந்து, மெதுவாகப் படுத்தாள். மேல்கூரையில் மழைநீர் ஊறிய பழுப்புக் கறை. நூலகத்தில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். கீழேயிருந்து பார்க்கும்போது எல்லோருக்கும் பெரிய பெரிய காலணிகள். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தன.

பக்கத்துப் பாயில் தொப்பென்று ஒரு சத்தம். மெத்தோதி இறங்கிப் படுத்திருந்தார்.

"நீங்க எதுக்குங்க?" என்றாள் இஸ்க்ரா.

"தனியா கிடந்தா போரடிக்கும்ல."

"திரும்பிப் படுங்க" என்றாள் தெயானா. "முழங்கையை ஊன்றுங்க. இப்போ நாலு கால்ல. அவசரம் இல்ல."

இஸ்க்ரா புரண்டாள். முழங்கை நடுங்கி வழுக்கியது. மறுபடி பாயில் விழுந்தாள். நெற்றி ரப்பரில் இடித்தது. இரண்டாவது தடவை முழங்காலில் நின்றாள். ஆனால் காலை முன்னால் கொண்டுவந்து ஊன்ற முடியவில்லை. கண்ணில் நீர் வந்தது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். "பாழாய்ப் போன காலே" என்று சத்தமாகத் திட்டினாள். பஸ் ஓட்டும்போது வருகிற அந்தப் பழைய குரல். மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாற்காலி வரை தவழ்ந்து போனாள். இருக்கையில் இரண்டு கைகளையும் வைத்தாள். பாதத்தைக் கையால் பிடித்து இழுத்து முன்னால் வைத்தாள். ஊன்றி, பல்லைக் கடித்து எழுந்தாள். பாதியில் நின்றாள். பிறகு மீதியும் எழுந்து, திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்தாள். தொடைகள் தன்னால் துடித்துக்கொண்டிருந்தன.

யாரும் கை தட்டவில்லை. மெத்தோதியை எழுப்ப எல்லோரும் போய்விட்டார்கள்.

தெயானா வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "இன்னொரு தடவை பார்க்கலாமா?"

"முடியாது."

"சரி. வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமையும் அது சுலபமாக இல்லை. அதற்குப் பிறகும் ஆகவில்லை. சில நாட்களில் முடிந்தது, சில நாட்களில் முழங்காலோடு நின்றுவிட்டது. ஆனால் அவள் வகுப்பை விடவில்லை. வீட்டில் சமையலறை மேஜைக்குப் பக்கத்தில் ஒரு தடவை இறங்கி எழுந்து காட்டினாள். கின்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி பார்த்தாள். உதவிக்கு ஓடாமல் நிற்பது அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

"எவ்வளவு நேரம் ஆகுதுக்கா!"

"ஆகட்டும். எனக்கு எங்கே போகணும்?"

நவம்பரில் கின்கா கிளம்பினாள். பஸ் நிலையத்தில் பெட்டியை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு வந்து, ஏற்கெனவே சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னாள். அவரைக்கொட்டை ஊறவைத்திருப்பது, மேல்வீட்டுக்காரியிடம் ஒரு சாவி இருப்பது, பனி விழுந்தால் வெளியே போகக் கூடாதென்பது. சொல்லச் சொல்ல முகம் சுருங்கியது.

"நான் போகலாமாக்கா?"

"கேக்கற கேள்வியைப் பாரு. ஏறுடி. அவன் எப்போ கிளப்பலாம்னு கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டிருக்கான். நானும் அப்படித்தான் பார்ப்பேன்."

கின்கா அவளைக் கட்டிப்பிடித்தாள். தோளில் சாய்ந்தது இந்தத் தடவை தங்கைதான். கனமாகச் சாய்ந்தாள். இஸ்க்ரா கால்களைச் சற்று அகட்டி ஊன்றிக்கொண்டு, அவள் நிமிரும்வரை நின்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் இஸ்க்ரா பனி நாட்களில் வெளியே போகவில்லை. வகுப்பும் சில வாரம் நடக்கவில்லை. வாசகசாலையில் வெப்பமூட்டி கெட்டுப்போயிற்று. திரும்ப ஆரம்பித்தபோது எல்லோரும் கோட்டோடு உட்கார்ந்து கைகளைத் தூக்கினார்கள். தன் உடம்பின்மேல் அவளுக்குப் பழைய நம்பிக்கை வரவில்லை. ஆனால் கடைக்குத் தானே போய் வந்தாள், ஜன்னல் துடைத்தாள், மேலே இருக்கும் பாத்திரத்தை முக்காலி போட்டு எடுக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். இரவில் தனியாக இருப்பது பயமாக இருந்தது, பிறகு குறைவாகப் பயமாக இருந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு பிற்பகல், வகுப்பிலிருந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வலென்சியாவிலிருந்து கின்கா. குழந்தைக்கு வயிற்று வலி, ரலிட்சா வேலைக்குப் போய்விட்டாள், காலையிலிருந்து கின்காதான் தோளிலேயே போட்டுக்கொண்டு நடக்கிறாள்.

"என்னால ஒரு நிமிஷம் உக்கார முடியலக்கா. இடுப்பு விட்டுப் போகுது. நீ எப்படி இருக்கே?"

"களைப்பா இருக்கு."

"எனக்கும்."

இருவரும் போனை வைக்கவில்லை. குழந்தையின் அழுகை மெல்லத் தேய்ந்து, கின்கா எங்கோ உட்காரும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் இரண்டு பேருடைய மூச்சும், ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, போன் வழியாக வந்தது. குழந்தையும் கின்காவும் தூங்கிவிட்டார்கள். இஸ்க்ரா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சத்தமில்லாமல் போனை அணைத்துவிட்டு, சூப்பைச் சூடு பண்ணப் போனாள்.